பிடித்த மீனைப் படம் எடுத்தல்: திருகோணமலைத் தூண்டில்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டச்சுக்குடாக் கரையிலும், உள்துறைமுக வீதியோரக் கற்களிலும், கிண்ணியாப் பாலத்தடியிலும், இறக்கக்கண்டிக் களப்பு முகத்திலும் தூண்டில் போடும் இளைஞர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். மீன் பிடிப்பதைப் பற்றியல்ல, பிடித்த மீனைப் படம் எடுப்பதைப் பற்றியவை இவை. அந்த மீன் எப்படி இருந்ததோ அப்படியே படத்திலும் இருக்க வேண்டும் என்பதும், திரும்பக் கடலில் விடப்போகும் மீன் படத்துக்காகச் சாகக் கூடாது என்பதும் என் நிலைப்பாடு. கீழே வரும் விடைகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தும் பிறந்தவை.

மீன் மேலே வந்தவுடன் படம் எடுக்க வேண்டுமா, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி ஆறுதலாக எடுக்கலாமா?

கறிக்கு எடுக்கும் மீனாக இருந்தாலும் பிடித்த இடத்திலேயே எடுங்கள். மீனின் தோலில் நிறம் தாங்கிய நுண்ணிய கலங்கள் உள்ளன. மீன் உயிரோடு இருக்கும்வரை அதன் நரம்புகளும் ஓமோன்களும் அவற்றை விரித்தும் சுருக்கியும் நிறத்தை ஆளுகின்றன. உயிர் போனதும் அந்த ஆட்சி போய்விடும். நீலச் செட்டைப் பாரையின் நீலப்பொட்டுகளும், சூரையின் முதுகில் ஓடும் கருநீலமும், விளைமீனின் இளஞ்சிவப்பும் சில நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கி, வீடு போய்ச் சேரும்போது எல்லா மீனும் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும். ஐஸ்பெட்டிக்குள் கிடந்த மீனின் கண்ணும் வெளிறிவிடும். கண் தெளிவாக இல்லாத மீனின் படத்தில் வேறு எது நன்றாக இருந்தாலும் அதில் உயிர் இராது.

திரும்ப விடப்போகும் மீனை எவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கலாம்?

நீங்கள் மூச்சை அடக்கி எவ்வளவு நேரம் சிரமமின்றி நிற்பீர்களோ, அதைவிடக் குறைவாக. பத்து செக்கன் என்பது என் கணக்கு.

இதை வெறும் இரக்கத்தால் சொல்லவில்லை. 1992 இல் கனடாவில் வானவில் திரவுட் என்னும் நன்னீர் மீனை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. களைக்கும்வரை துரத்தப்பட்டு, நீரைவிட்டு வெளியே எடுக்கப்படாத மீன்களில் 12 வீதமானவை 12 மணித்தியாலங்களுக்குள் இறந்தன. அதே களைப்புக்குப் பின் 30 செக்கன் காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 வீதமும், 60 செக்கன் வைக்கப்பட்டவற்றில் 72 வீதமும் இறந்தன. எங்கள் கடலின் பாரையும் கலவாயும் வேறு இனங்கள், எங்கள் நீரின் வெப்பமும் வேறு. ஆகவே அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. காரணம் மட்டும் எல்லா மீனுக்கும் பொதுவானது. செவுளின் மெல்லிய இழைகள் நீரில் விரிந்து நிற்கும்போதுதான் ஒட்சிசனை உள்ளெடுக்கும். காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும். தூண்டிலோடு போராடிக் களைத்த மீனுக்கு ஒட்சிசன் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் நாங்கள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம்.

ஒருமுறை நானும் நண்பர்களும் நல்ல பாரை ஒன்றைப் பிடித்து, ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் படம் எடுத்த பின்னர் விட்டோம். அது நீந்திப் போனது என்று மகிழ்ந்தோம். அரை மணித்தியாலத்துக்குப் பின் அலை அதைப் பக்கவாட்டில் புரட்டியபடி கரைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து, கைமாற்றிப் படம் எடுப்பதை நான் கூடவருபவர்களிடம் அனுமதிப்பதில்லை.

அந்தப் பத்து செக்கனுக்குள் எப்படி நல்ல படம் கிடைக்கும்?

வேலை முழுவதும் மீன் நீருக்குள் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். படம் எடுப்பவர் எங்கே நிற்பது, பின்னணியில் என்ன வருவது, வெயில் எந்தப் பக்கம் என்பவற்றை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தூண்டில் முள்ளைக் கழற்றும்போது மீன் நீரிலேயே கிடக்கட்டும். முழங்கால் அளவு நீரில் குந்தியிருந்து, "தூக்குகிறேன்" என்று சொல்லித் தூக்கி, மூன்று நான்கு படங்கள் விழுந்ததும் மறுபடி நீரில் தாழ்த்துங்கள். செட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும் படமே நான் விரும்பும் படம். அந்தச் சொட்டு, மீன் இப்போதுதான் வெளியே வந்தது என்பதற்குச் சாட்சி. அதைவிட நல்லது, மீனைத் தூக்காமலே பாதி உடல் நீருக்குள் இருக்க மேலிருந்து எடுப்பது.

மீனை எப்படிப் பிடிப்பது?

கையை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். மீனின் உடல் மேலுள்ள வழுவழுப்பு அதற்கு நோய் தொற்றாமல் காக்கும் போர்வை. உலர்ந்த கையும், துவாயும், சூடேறிய மணலும், வெயிலில் காய்ந்த வள்ளத்துப் பலகையும் அதை உரித்துவிடும். ஒரு கை வாலின் அடிப்பகுதியிலும் மறு கை வயிற்றின் முன்பகுதிக்குக் கீழேயும் இருந்தால் எடை பரவிவிடும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தூக்கி நெட்டுக்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் நீர் தாங்கிய உடல் அது. தன் எடையைத் தானே தொங்கித் தாங்குவதற்கு அதன் முள்ளந்தண்டும் தாடையும் அமையவில்லை. செவுளுக்குள் விரல் விடுவது, கறிக்கு என்று முடிவு செய்த மீனுக்கு மட்டும்.

படத்துக்காகக் கையில் எடுக்கவே கூடாத மீன்கள் உண்டா?

உண்டு. ஓராவின் செட்டை முட்களில் நஞ்சு உண்டு. கெளிறின் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்களும் அப்படியே. இவை செத்த பின்னும் குத்தும். குத்தினால், தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை வைத்திருக்க வலி தணியும். வலி ஏறினால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சீலாவின் பற்கள் ஒன்றுக்கொன்று குறையாத கூர்மை உடையவை, ஆகவே அதன் வாயை முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். சிறுவர்கள் கையில் மீனைக் கொடுத்துப் படம் எடுக்க ஆசைப்படும் தந்தைமார் முதலில் தூண்டில் முள்ளை முற்றாகக் கழற்றிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்; துள்ளும் மீனின் வாயில் தொங்கும் முள் குழந்தையின் கைக்குள் ஏறுவதற்கு ஒரு நொடி போதும்.

கையை நீட்டிப் பிடித்தால் மீன் பெரிதாகத் தெரிகிறதே, அது பிழையா?

பிழை என்றே நான் கருதுகிறேன். கணக்கைப் பாருங்கள். கையை நீட்டினால் மீன் உங்கள் உடம்பிலிருந்து ஏறக்குறைய அரை மீற்றர் முன்னே போகிறது. படம் எடுப்பவர் உங்களிடமிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால், மீன் கமராவுக்கு அரை மீற்றர் தூரத்திலும் உங்கள் முகம் ஒரு மீற்றர் தூரத்திலும் இருக்கும். முகத்தோடு ஒப்பிட மீன் இரண்டு மடங்காகத் தெரியும். 60 சென்ரிமீற்றர்ப் பாரை 120 சென்ரிமீற்றர் ஆகிவிடும். அதே ஆள் உங்களிடமிருந்து மூன்று மீற்றர் தூரத்துக்குப் பின்னுக்குப் போய் நின்றால் அந்த மிகை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மீனை மார்போடு ஒட்டிப் பிடித்தால் அதுவும் இராது.

கைத்தொலைபேசியின் வழக்கமான வில்லை அகலமாகப் பார்ப்பது என்பதால் எல்லோரும் கிட்டப்போய் எடுக்கிறார்கள். மிகை அங்கேதான் பிறக்கிறது. இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டும் வில்லை உங்கள் தொலைபேசியில் இருந்தால் அதைத் தெரிவுசெய்துகொண்டு பின்னுக்குப் போய் எடுங்கள். தூண்டிலில் இரண்டு கிலோ விளைமீன் படுவதே பெரிய சந்தோசம். அந்த இரண்டு கிலோ, இரண்டு கிலோவாகவே தெரியட்டும்.

அப்படியானால் மீனின் உண்மையான அளவைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

அளவுநாடா ஒட்டிய நீண்ட பலகை ஒன்று, அல்லது அளவு குறித்த நனைந்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று போதும். மீனின் வாயை மூடி, மூக்கு நுனி பூச்சியத்தைத் தொடும்படி கிடத்தி, வால் கவைக்கும் நடுப்பகுதி வரை அளக்கப்படுவதே பாரை, அறக்குளா, சூரை போன்ற கவைவால் மீன்களுக்கு வழமையான நீளம். கமரா பலகைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சரித்து எடுத்தால் எண்ணும் சரிந்துவிடும். அளவுநாடா இல்லாதவர்கள் தூண்டில் தடியை அருகே வைத்து, மீன் தடியில் எந்த இடம் வரை வந்தது என்று குறித்துக்கொண்டு பின்னர் அளக்கலாம்.

உலக சாதனைகளைப் பதியும் ஐ.ஜி.எப்.ஏ என்னும் அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939 முதல் இயங்குகிறது. அதற்கு விண்ணப்பிப்பவர் முழு மீனும் தெரியும் படத்தோடு, பயன்படுத்திய தடி, ரீல், நிறுத்த தராசு ஆகியவற்றின் படங்களையும் அனுப்ப வேண்டும். எடையைப் படகில் நிறுத்தால் ஏற்கமாட்டார்கள், தரையில் நிறுக்க வேண்டும். சாதனை எண்ணம் இல்லாதவருக்கும் இந்த ஒழுங்கு நல்ல பழக்கம்தான்.

திருகோணமலையில் எந்த நேரத்து வெளிச்சம் நல்லது, எங்கே நிற்பது?

எங்கள் ஊருக்கு இயற்கை கொடுத்த வசதி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டச்சுக்குடா, திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி எல்லாம் கிழக்கு நோக்கிய கரைகள். சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் மீன் பிடித்தவரின் முதுகில் விழுந்து அவர் முகமும் மீனும் கருநிழலாகிவிடும். ஆகவே படம் எடுப்பவர் கடலுக்கு முதுகு காட்டி நிற்க, மீனோடு நிற்பவர் கடலைப் பார்க்க வேண்டும். அப்போது பின்னணி தென்னையும் வாடியும் ஆகும்.

கடலும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்பவருக்கு டச்சுக்குடாவில் அருமையான ஒரு கோணம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் கோணேசர் கோயில் அமைந்த கோணமாமலை வடக்கே கிடக்கிறது. வடக்கைப் பார்த்துக் கமராவைப் பிடித்தால் காலை வெயில் வலப்பக்கத்திலிருந்து சரிவாக வரும். மீனின் தலையைக் கிழக்கே திருப்பி, உடலைச் சற்றுச் சாய்த்தால் ஒவ்வொரு செதிலும் தனித்தனியே தெரியும். மலை பின்னே நிற்கும். இப்படி எடுத்த ஒரு சிறு ஊளிப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதைவிடப் பெரிய மீன்களின் படங்களை நான் மாட்டவில்லை.

மாலைக்கு உள்துறைமுகம். அங்கே சூரியன் நீருக்கு அப்பால் மேற்கு மலைகளின் பின்னே இறங்குவதால், வீதியோரத்தில் நிற்பவர் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழும். நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே மட்டும் இருக்கிறோம். வெயில் நெட்டுக்குத்தாக ஏறி நெட்டுக்குத்தாக இறங்குகிறது. அதனால் மென்மையான வெளிச்சம் நீடிப்பதில்லை. காலை எட்டு மணி தாண்டினால் தொப்பியின் நிழல் மூக்கு வரை இறங்கிவிடும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும் நாள்களில் மதியப் படம் எடுப்பவர் தொப்பியைக் கழற்றட்டும், அல்லது வெள்ளைத் துணி ஒன்றைக் கீழே விரித்து வெளிச்சம் மேல்நோக்கித் தெறிக்கச் செய்யட்டும்.

வாடைக்காற்றுக் காலத்து முகில் மூடிய பகலில் நிழலும் மினுக்கமும் இல்லாமல் மீனின் நிறம் மிக உண்மையாக விழும். ஆனால் அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும். படத்துக்காக ஈரப்பாறைகளில் இறங்காதீர்கள்.

வெள்ளி நிறப் பாரை படத்தில் வெறும் வெள்ளைக் கீற்றாக விழுகிறது. ஏன்?

செதிலுக்கு அடியில் குவானின் என்னும் பொருளின் மெல்லிய பளிங்குகள் அடுக்கடுக்காக இருந்து கண்ணாடி போல ஒளியைத் தெறிக்கச் செய்கின்றன. கைத்தொலைபேசியின் திரையில் மீனின் மிகப் பளிச்சிடும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். படம் சற்று இருண்டால் பிறகு திருத்தலாம், வெளுத்துப்போன இடத்தைத் திருத்தவே முடியாது. மீனை ஒரு விரற்கடை அளவு முன்னோ பின்னோ சாய்த்தாலே மினுக்கம் இடம் மாறும். போலரைஸ்ட் வெயில் கண்ணாடியை வில்லைக்கு முன்னே பிடித்துச் சுழற்றினால் நீரின் மினுக்கம் பெரும்பாலும் மறைந்து, நீருக்குள் இருக்கும் மீன் தெளிவாகும். வெள்ளிச் செதிலின் மினுக்கத்தை அது முழுவதும் நீக்காது.

என் தொலைபேசிப் படங்கள் எல்லாம் புகைமூட்டமாக இருக்கின்றனவே?

வில்லையில் உப்பும் மீன் வழுவழுப்பும் படிந்திருக்கும். சட்டையால் தேய்த்தால் உப்புப் பளிங்கு கீறிவிடும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இரவில் பிடித்த மீனுக்கு?

தொலைபேசியின் பிளாஷ் நேரே அடித்தால் ஈரச் செதில் வெளுத்து, சில மீன்களின் கண் ஒளிர்ந்து, பின்னணி கரியாகிவிடும். நண்பர் ஒருவர் கைவிளக்கின் முகத்தை வெள்ளைப் பொலித்தீன் பையால் மூடி, பக்கவாட்டில் ஓர் எட்டுத் தள்ளி நின்று பிடிக்கட்டும். இது போதும்.

தனியாகப் போகிறேன். யார் படம் எடுப்பது?

தொலைபேசியைச் சிறு முக்காலியில் அல்லது இரைப்பெட்டி மேல் நிறுத்தி, காணொளியை ஓடவிட்டுவிட்டு மீனைத் தூக்குங்கள். பின்னர் அதிலிருந்து ஒரு நல்ல காட்சியைப் படமாகப் பிரித்தெடுக்கலாம். பத்து செக்கன் காத்திருந்து எடுக்கும் வசதி, விடப்போகும் மீனுக்குப் பொருந்தாது.

என்ன மீன் என்று தெரியாதபோது, பிறரிடம் கேட்டு அறிய எப்படிப் படம் எடுக்க வேண்டும்?

இந்தப் படத்தில் நீங்கள் இருக்கத் தேவையில்லை. மீன் நூல்களில் மீனின் தலை இடப்பக்கம் நோக்கி இருக்கும்படி படம் இடுவது மரபு. நீங்களும் இடப்பக்க உடல் முழுவதும், மூக்கிலிருந்து வால் நுனிவரை, வெட்டுப்படாமல் எடுங்கள். முதுகுச் செட்டையையும் வயிற்றுச் செட்டையையும் விரித்துப் பிடிக்க வேண்டும், ஏனெனில் முட்களின் எண்ணிக்கையும் செட்டையின் வடிவமும் பல இனங்களைப் பிரிக்கின்றன. அதன்பின் தலையை மட்டும் கிட்டத்தில் ஒன்று, வால் அடியை ஒன்று.

பாரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறு வயதில் பெரும்பாரைக்கும் பெருங்கண் பாரைக்கும் பலர் மாறாட்டம் செய்வார்கள். பெருங்கண் பாரைக்குச் செவுள் மூடியின் மேல் ஓரத்தில் சிறு கரும்பொட்டு ஒன்றும், இரண்டாம் முதுகுச் செட்டையின் நுனியில் வெண்மையும் இருக்கும். பெரும்பாரைக்கு அந்தப் பொட்டு இராது. அதன் நெஞ்சுப் பகுதியில் செதில் பெரும்பாலும் இல்லாமல், நடுவே சிறு திட்டாக மட்டும் இருக்கும். செவுள் மூடியின் மேல் கட்டைவிரலை வைத்து எடுத்த படத்தில் இவற்றில் முக்கியமானது மறைந்துவிடுகிறது. "அண்ணா, இது என்ன பாரை?" என்று எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதனால்தான் விடை சொல்ல முடிவதில்லை.

ஆழத்திலிருந்து இழுத்த கலவாயின் கண் பிதுங்கி, வாயில் பை போல ஏதோ தள்ளிக்கொண்டு வருகிறது. அப்படியே படம் எடுத்து விடலாமா?

அழுத்தம் திடீரெனக் குறைந்ததால் காற்றுப்பை ஊதி, இரைப்பையை வாய்வழியே தள்ளியிருக்கிறது. எங்கள் கரையை ஒட்டியே கடல் மிக ஆழமாகிவிடுவதால் இதை அடிக்கடி காண்கிறோம். அந்த மீனை மேலே விட்டால் மிதந்தே சாகும். ஈயம் கட்டி மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி கையில் இல்லையென்றால் அதைக் கறிக்கு எடுப்பதே நேர்மை. நீந்தவிட்டதாகப் படம் போடாதீர்கள்.

எங்கே, எதைப் படம் எடுக்கக் கூடாது?

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே மீன் பிடிப்பதே குற்றம், ஆகவே பிடித்த மீனின் படம் என்ற பேச்சுக்கு இடமில்லை. துறைமுகத்தில் கடற்படைத் தளமும், சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் இருப்பதால், மீனுக்குப் பின்னே அவை விழாதபடி திரும்பி நில்லுங்கள்.

கசைவால் சுறாக்களைப் பிடிப்பது 2012 முதலும், திமிங்கிலச் சுறாவையும் செட்டை நுனி வெளுத்த பெருங்கடற் சுறாவையும் பிடிப்பது 2015 முதலும் இலங்கையில் தடை. கடலாமைகளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இவற்றில் ஒன்று தவறுதலாகத் தூண்டிலில் பட்டால், வள்ளத்தில் ஏற்றிப் படம் எடுக்காமல், நீரில் வைத்தே தங்கூசியை முள்ளுக்கு மிக அருகே அறுத்துவிடுங்கள்.

கரைவலை இழுப்பவர்களையும் அவர்களின் மீனையும் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். எங்களுக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவர்களுக்குச் சீவனோபாயம். வலையில் மீன் குறைவாக வந்த நாளில், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் தொழிலாளரும் நிற்கும் முகத்தைப் படமாக்கிப் பரப்புவது நல்ல மனம் அல்ல. நான் முதலில் கயிற்றில் ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் கமராவை எடுப்பேன்.

படத்தை வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போட்டால் என் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

கமராவில் இடப்பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் படத்தின் கோப்புக்குள்ளேயே அகலக்கோடும் நெடுங்கோடும் எழுதப்பட்டிருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். கமரா அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவைக்கலாம். எனினும் பின்னணிப் பாறையைப் பார்த்தே இடத்தைச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் அநேகர். சிறு களப்பு முகம் ஒன்றில் கொடுவா சேரும் காலத்தில் அந்த இடத்தை எல்லோருக்கும் காட்டுவதால் வரும் கூட்டத்தை அந்தக் களப்பு தாங்காது என்பதால், நான் அங்கே வானத்தையும் கையையும் மட்டும் பின்னணியாக வைப்பேன்.

வீட்டில் அப்பா, பெரியப்பா காலத்து மீன் படங்கள் கிடக்கின்றன. வைத்திருப்பதால் என்ன பயன்?

அமெரிக்காவின் புளோரிடாவில் கீ வெஸ்ட் என்னும் ஊரில், வாடகைப் படகில் மீன் பிடித்துத் திரும்புபவர்கள் மீன்களைப் பலகையில் தொங்கவிட்டு அருகே நின்று படம் எடுப்பது வழக்கம். 1956 முதல் 2007 வரையான அத்தகைய படங்களை ஓர் ஆய்வாளர் அளந்து பார்த்து 2009 இல் முடிவை வெளியிட்டார். தொடக்க ஆண்டுகளில் ஒரு மீனின் சராசரி எடை ஏறக்குறைய 20 கிலோ. 2007 இல் அது 2.3 கிலோ. நின்றவர்களின் சிரிப்பு மட்டும் குறையவில்லை. யாரோ பெருமைக்காக எடுத்த படங்கள், அந்தக் கடலில் பெரிய மீன்கள் எவ்வளவு இருந்தன என்பதற்குச் சான்றாயின.

கொட்டியாரக் குடாவில் முன்பு எந்த அளவு அறக்குளா பிடிபட்டது என்று முதியவர்கள் கையை விரித்துக் காட்டுவார்கள். அதை அளக்க ஒரு படம் வேண்டும். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் 2004 ஆழிப்பேரலையிலும் எங்கள் வீடுகளின் படப்பெட்டிகள் போன கணக்கு பெரிது. எஞ்சியவற்றை ஈரம் படாமல் எடுத்து, நிழலான பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து தொலைபேசியால் பிரதி எடுங்கள். படத்தில் நிற்பவர் இன்னும் இருந்தால், என்ன மீன், எந்தக் கரை, எந்தக் காற்றுக் காலம், என்ன இரை என்று கேட்டு, மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறத்தில் எழுதிவையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.